விட்டு விட்டு வரும் பழுது

பழுதுகள் இரு வகையின. வந்தால் நிலைத்து நிற்பது ஒரு வகை. வருவதும் மறைவதுமாக இருப்பது மற்றொரு வகை. நின்றுபோன கடிகாரத்தைத் திருத்துவோன் மூடியைத் திறந்ததும் உடைந்த பல்லைக் கண்டுகொள்கின்றான். இடையிடையே நின்று இடையிடையே ஓடும் கடிகாரமோ அவன் மேசைக்கு வந்தவுடன் செவ்வையாக ஓடத் தொடங்குகின்றது. உரியவர் வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் மீண்டும் நின்றுவிடுகின்றது. எம் தொழிலிலே எம்மை அதிகம் வருத்தியவை இவ்விரண்டாம் வகைப் பழுதுகளே. கணினி வலையமைப்புகளைப் பேணும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டிருக்கும் எம்மை, மாணவர்க்குப் பயன்படும் அனுபவம் ஒன்றை இம்மலரிலே எழுதுமாறு மலராசிரியர் பணித்தனர். ஆதலின், சேவையகங்கள் விட்டு விட்டு வலையமைப்புத் தொடர்பை இழப்பது பற்றியும், அதன் காரணத்தை நாடும் நெறி பற்றியும், அந்நெறி தவறின் யார் துன்புற நேரிடும் என்பது பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

சேவையகம் என்பது பிற கணினிகள் வேண்டுவதைக் கொடுத்துதவும் கணினி. பேச்சிலே அதனைச் சேவர் என்பர். வங்கியிலே கணக்கைக் காட்டுவதும், பல்கலைக்கழகத்திலே பெறுபேற்றைக் காட்டுவதும், வைத்தியசாலையிலே இரத்தப் பரிசோதனை முடிவைத் தாதியின் மேசைக்கு அனுப்புவதும் அதுவே. பூட்டிய குளிரறை ஒன்றில் அது இருக்கும். அதனைப் பயன்படுத்துவோருட் பலர் அதைக் கண்ணாற் கண்டிரார். அவர்களுக்கும் அதற்கும் இடையே வடங்களும், வடங்களை ஒன்று சேர்க்கும் சுவிச்சுகளும், வலையமைப்பின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தரவுப் பொதிகளை அனுப்பும் வழிப்படுத்திகளும் உள்ளன. இவற்றுள் எது தளர்ந்தாலும் மக்கள் கூறுவது ஒன்றே: "சேவர் விழுந்துவிட்டது." சேவையகம் நிமிர்ந்தே நிற்கும், அதற்குச் செல்லும் வழி மட்டும் அற்றிருக்கும்.

இத்தகைய வேளையில் எவர்க்கும் முதலிலே தோன்றும் மருந்து பொறியை நிறுத்தி மீள இயக்குவதாகும். அதனாற் பல முறை தொடர்பு மீளும். மீண்டதும் அனைவரும் தத்தம் வேலைக்குத் திரும்புவர். பழுதும் தன் வேலைக்குத் திரும்பும். இம்மருந்தாற் பிறிதொரு கேடும் உண்டு. பழுது நிகழ்ந்த கணத்திலே பொறியின் நினைவகத்தில் இருந்த தடயங்கள் பல அதனால் அழிந்துபோகின்றன. களவு நடந்த வீட்டைப் பொலிஸார் வருமுன் கூட்டித் துடைத்துவிடுவதற்கு இஃது ஒப்பாகும்.

எம் பாட்டன்மார் காலத்து வைத்தியர்கள் இவ்விடயத்தில் எம்மவரினும் கூரியர். அக்காலத்தில் எம் நாட்டை வாட்டிய மலேரியாவை முறைக்காய்ச்சல் என வழங்கினர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதாவது 48 மணிக்கு ஒரு முறை வரும் காய்ச்சல் வேறு. இரு நாள் விட்டு, 72 மணிக்கு ஒரு முறை வரும் காய்ச்சல் வேறு என்று அவர்கள் நாளெண்ணிப் பிரித்தனர். 1885, 1886ஆம் ஆண்டுகளில் இத்தாலிய அறிஞர் கமில்லோ கொல்கி என்பார் இவ்விரு முறைகளும் வெவ்வேறு ஒட்டுண்ணிகளால் உண்டாவன என்றும், இரத்தத்தில் அவ்வொட்டுண்ணிகள் பெருகி வெடிக்கும் வேளையே காய்ச்சல் ஏறும் வேளை என்றும் காட்டினார். காய்ச்சல் வரும் முறையே அதன் பெயரைச் சொல்லிற்று. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நோய் போயிற்று, அவர்களது பாடம் நிற்கின்றது. விட்டு விட்டு வரும் பழுதுக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதனை முதலிற் படித்தல் வேண்டும்.

எம் துறையிலிருந்து சில எடுத்துக்காட்டுகள் தருவோம். தொடர்பு அறுந்து 30 முதல் 50 வினாடிக்குள் தானாகவே மீளுமாயின், சுவிச்சுகளை ஐயுறுதல் தகும். இரு சுவிச்சுகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தாற் பொதிகள் சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பை நிரப்பிவிடும். இதனைத் தடுக்கும் முறையை 1985ஆம் ஆண்டில் ராடியா பேர்ள்மன் என்னும் அம்மையார் வகுத்தார். மிகைப்பட்ட வழியை அடைத்து வைத்து, உள்ள வழி கெட்டபோது மட்டும் அதனைத் திறப்பதே அம்முறை. அதன் பழைய வடிவிலே, கெட்டதை உணர 20 வினாடியும், திறக்குமுன் செவிமடுத்துக் கற்பதற்கு இரு 15 வினாடிகளும் வேண்டும். ஆகவே அரை நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட மௌனம் அதன் கைநாட்டுப் போன்றது. இனி, குறித்த சில மணிக்கு ஒரு முறை தொடர்பு அறுமாயின், அப்பொறியின் முகவரி தவணைக்கு வழங்கப்பட்டது ஆகலாம். தவணையின் பாதியிலே புதுப்பிக்கவேண்டிய அம்முகவரி எவ்வகையாலும் புதுப்பிக்கப்படாது போயின், தவணை முடிவில் இல்லாதொழியும். இரவெல்லாம் பேச்சின்றிக் கிடந்த இணைப்பு காலையில் மட்டும் அறுந்திருக்குமாயின், இடையிலுள்ள பாதுகாப்புச் சுவர் அதனைக் கைவிடப்பட்டதெனக் கருதித் துண்டித்திருக்கலாம். லினக்ஸ் என்னும் இயக்க முறைமையோ, மறுமுனையிலுள்ளவர் இன்னும் இருக்கின்றாரா என வினவுமாறு பணிக்கப்பட்டபோதும், இயல்பாக 2 மணி நேர மௌனத்தின் பின்னரே வினவும்.

காலத்தைப் போன்றே சுமையும் சான்று கூறும். ஆளில்லா வேளையிற் செவ்வையாக இருந்து, பலர் வந்து பயன்படுத்துகையில் மட்டும் தளரும் தொடர்பு ஒரு தனி வகை. வடத்தின் இரு முனைகளுள் ஒன்று, ஒரே வேளையிற் பேசவும் கேட்கவும் பணிக்கப்பட்டும், மற்றையது ஒரு வேளையில் ஒன்றே செய்வதாகவும் இருந்தால், இருவர் பேச்சும் அடிக்கடி மோதும். பொதிகள் அருகிச் செல்கையில் மோதல் அரிது. பெருகியதும் யாவும் குலையும். சுவிச்சின் வழு எண்ணியைப் பார்ப்பவர்க்கு இது சில நிமிடங்களில் விளங்கும். வடமும் இவ்வாறே. வினாடிக்கு 100 கோடி துணுக்குகள் செல்லும் ஈதர்நெற் வடத்தில் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். அதன் பத்திலொரு வேகத்துக்கு இரு சோடிகளே போதும். ஒரு சோடி தளர்ந்த வடம் முற்றாகச் சாகாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கதவு அடிபடும்போதெல்லாம் அறுந்தும் பொருந்தியும் உயிர்வாழும்.

இத்துறையினர் நாள்தோறும் கையாளும் கருவி ஒன்றின் வரலாறும் இங்கே கூறத்தக்கது. 1983ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றிற் பணியாற்றிய மைக் மியூஸ் என்பார், வலையமைப்பொன்றின் விளங்காத நடத்தையைக் கண்டு, அதனை ஆராய ஒரு சிறு நிரலை எழுதினார். ஒரு பொறியை நோக்கி "இருக்கின்றாயா" என்று ஒரு பொதியை அனுப்பி, மறுமொழி வரும் நேரத்தை அளப்பதே அதன் தொழில். நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையை நினைந்து அதற்குப் பிங் எனப் பெயரிட்டார். தாம் கேட்டவற்றுட் சிறந்ததென அவர் பிற்காலத்திற் கூறிய கதை ஒன்று உண்டு. வலையமைப்புப் பேணுநர் ஒருவர், இடையிடையே அறும் ஈதர்நெற் வடத்தோடு போராடிச் சலித்து, ஒவ்வொரு மறுமொழிக்கும் கணினி "பிங், பிங்" என்று உரக்கச் சொல்லுமாறு அமைத்து, அவ்வொலியைப் பெருக்கிவிட்டுக் கட்டடமெங்கும் நடந்து, வடப் பொருத்திகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாராம். எதனை அசைத்தபோது குரல் நின்றதோ, அதுவே பழுது. நகைப்புக்குரியதாகத் தோன்றினும் இக்கதையில் எம் தொழிலின் முழு நெறியும் அடங்கியுள்ளது: இடைவிடாது கேட்டுக்கொண்டிரு; ஒரு வேளையில் ஒன்றை மட்டும் அசை.

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில், எம் நாட்டு வைத்தியசாலை ஒன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. அங்கே ஆய்வுகூடத்தின் முடிவுகளை நோயாளர் விடுதிகளுக்கு அறிவிக்கும் சேவையகம் சில இரவுகளிலே விடுதிகளின் கணினிகளுக்கு எட்டாது போயிற்று. சில நிமிடங்களில் மீளும், மீண்டும் மறையும். அவசர நோயாளியின் இரத்தத்திற் பொட்டாசியம் எவ்வளவென அறியக் காத்திருக்கும் வைத்தியருக்குச் சில நிமிடங்கள் சிறிய காலமன்று. சிற்றூழியர்கள் காகிதத் துண்டுகளோடு மாடிப்படிகளில் ஓடினர். சேவையகத்தை மீள இயக்கினால் உடனே குணம் கண்டது. ஆகவே பழுது அதனுள்ளே இருப்பதாக எல்லோரும் நம்பினர். வலையமைப்பு அட்டையை மாற்றினர், வடத்தை மாற்றினர், பழுது மாறவில்லை.

யாம் சென்றபோது, இயந்திரத்தை விட்டு ஒரு மனிதர்மீது பார்வை திரும்பியிருந்தது. இரவிலே இரத்த மாதிரிகளை ஏற்கும் கருமபீடத்தில் ஓர் ஊழியர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். அவர் வந்த மாதத்திலேயே பழுது தொடங்கிற்று. அவர் பணியில் இல்லாத இரவுகளிற் பழுதில்லை என்று பலர் கூறினர். வேலை குறைவதற்காக வடத்தைக் கழற்றுகின்றார் என்று சிலரும், பழைய இடத்துக்கு மீள விரும்பிக் குழப்புகின்றார் என்று வேறு சிலரும் பேசினர். விளக்கம் கோரும் கடிதம் தட்டெழுதப்பட்டுக் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. அவர் நிரந்தரமாக்கப்படாதவர், மூன்று பிள்ளைகளின் தந்தை. இரு வாரம் பொறுக்குமாறும், அதுவரை ஒருவரும் சேவையகத்தை மீள இயக்கலாகாது எனவும் யாம் நிருவாகத்தாரை வேண்டினோம். முதலாவதற்கு எளிதில் இணங்கினர். இரண்டாவதற்கு அரிதின் இணங்கினர்.

ஒவ்வொரு விடுதியிலும் ஒரு கொப்பி வைத்து, தொடர்பு அற்ற நேரமும் மீண்ட நேரமும் எழுதுமாறு தாதிமாரைக் கேட்டோம். ஒரு சிறு கணினியை விடுதி ஒன்றில் இருத்தி, வினாடிக்கு ஒரு முறை சேவையகத்தையும், அதற்கு முன்னுள்ள வழிப்படுத்தியையும், சேவையகத்தின் அயலிலே அதே சுவிச்சில் உள்ள மற்றொரு பொறியையும் அழைத்து மறுமொழியைப் பதியச் செய்தோம். பதினான்கு இரவுகள் கழிந்தன. அவற்றுள் அவ்வூழியர் பணியில் இருந்தவை எட்டு. அவ்வெட்டிலும் பழுது உண்டு. மற்றை ஆறிலும் இல்லை. பதிவைக் கண்ட நிருவாகத்தார், "நீங்களே எண்பித்துவிட்டீர்கள்" என்றனர்.

ஆயினும் அப்பதிவு வேறொன்றையும் கூறிற்று. வழிப்படுத்தி ஒரு வினாடியும் மறையவில்லை, அயற்பொறியும் மறையவில்லை. சுவிச்சின் வழு எண்ணிகள் சுழியத்தில் நின்றன. சேவையகத்தின் வடம் கழன்றதாகச் சுவிச்சிற் குறிப்பேதும் இல்லை. வடத்தைக் கழற்றுபவர் இருப்பின் சுவிச்சு அதனை உடனே குறித்திருக்கும். ஆகவே வழி செவ்வையாக இருந்தது. பொதிகள் வேறெங்கோ சென்றன. ஓர் ஊரில் தபாற்பெட்டியும் தபாற்காரரும் தெருவும் செம்மையாயிருந்தும் கடிதம் வந்து சேரவில்லையெனின், முகவரியை அன்றோ பார்த்தல் வேண்டும்?

இவ்விடத்தில் வலையமைப்பின் ஓரியல்பை விளக்குதல் அவசியம். ஒவ்வொரு பொறிக்கும் மனிதர் வழங்கும் ஐ.பி. முகவரி ஒன்றும், செய்தவர் பொறித்த மக் முகவரி ஒன்றும் உள. முன்னையது மாற்றத்தக்கது, பின்னையது 48 துணுக்குகள் கொண்டது, அதன் முதற்பாதி செய்த நிறுவனத்தைக் குறிப்பது. வழிப்படுத்தி ஒரு பொதியை ஒப்படைக்குமுன், "இந்த ஐ.பி. முகவரி யாருடையது?" என்று கூவும், "என்னுடையது" என்று கூறிய பொறியின் மக் முகவரியைத் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். 1982ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட இந்நெறிமுறை மிக எளியது; எளியதாகையால், கூறியவர் சொல்லை அப்படியே நம்புவது. பின்னர் வேறொரு பொறி "அம்முகவரி என்னுடையது" என்றால், பழைய குறிப்பை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும்.

பதினைந்தாம் இரவு யாம் வழிப்படுத்தியின் முன் அமர்ந்திருந்தோம். பழுது வந்ததும் அதன் அட்டவணையைப் பார்த்தோம். சேவையகத்தின் ஐ.பி. முகவரிக்கு எதிரே சேவையகத்தின் மக் முகவரி இல்லை, பிறிதொன்று இருந்தது. அதன் முதற்பாதி அச்சுப்பொறி செய்யும் நிறுவனம் ஒன்றுக்குரியது. அந்த மக் முகவரி எத்துளையில் உள்ளதென்று சுவிச்சிடம் கேட்டு, அத்துளையிலிருந்து சென்ற வடத்தைப் பின்தொடர்ந்தோம். அது மாதிரி ஏற்கும் கருமபீடத்துக்குச் சென்றது. அங்கே மேசையின் கீழ்த்தட்டில், சிட்டை அச்சிடும் சிறு பொறியொன்று விளக்கெரிய இருந்தது. முன்னொரு காலத்தில் அதனைப் பொருத்தியவர் கையாலே முகவரி இட்டிருந்தார். அதே முகவரி பின்னர் சேவையகத்துக்கும் இடப்பட்டிருந்தது. எந்த முகவரி எப்பொறிக்கு வழங்கப்பட்டதெனக் காட்டும் பதிவேடு அங்கே இருக்கவில்லை. ஏனைய ஊழியர்கள் சிட்டைகளைக் கையால் எழுதியமையால் அப்பொறி அணைந்தே கிடந்தது. புதிதாக வந்தவர் மட்டும் மாலையில் அதனை இயக்கி, காலையில் அணைத்துவிட்டுச் சென்றார்.

யாவும் விளங்கிற்று. அச்சுப்பொறி எழுந்ததும் முகவரியைத் தனதென அறிவிக்கும். விடுதிகளின் பொதிகள் அதனிடம் செல்லும். சேவையகம் ஏதேனும் ஒரு தேவைக்கு வழிப்படுத்தியை அழைத்தவுடன் அட்டவணை திருந்தும். அச்சுப்பொறி மீண்டும் வாய்திறந்ததும் பிறழும். ஒரே பெயருடைய இருவர் மாறி மாறிக் குரல் கொடுத்தமையே பழுதின் வருகையும் மறைவும். சேவையகத்தை மீள இயக்கியபோது குணம் கண்டதும் இதனாலேயே: எழுந்ததும் அது வழிப்படுத்தியை அழைத்துத் தன் முகவரியைக் கூறிற்று. மருந்து பலித்தமை நோயின் இடத்தைக் காட்டவில்லை. முகவரியைக் கொள்ளுமுன் அது பிறரிடம் உள்ளதா என வினவுதல் வேண்டும் என்ற விதி 2008ஆம் ஆண்டில் எழுத்தில் வந்தது. அப்பொறியோ வினவாத பழங்குடி.

எனினும் யாம் உடனே தீர்ப்புக் கூறவில்லை. மறுநாட் பகலில், அவ்வூழியர் வீட்டில் உறங்கும் வேளையில், வைத்தியர்களுக்கு அறிவித்துவிட்டு, நிருவாகத்தார் முன்னிலையில் அச்சுப்பொறியை இயக்கினோம், விடுதிகள் தொடர்பிழந்தன. அணைத்தோம், சற்றுப் பொறுத்துத் தொடர்பு மீண்டது. மும்முறை இவ்வாறு செய்து காட்டினோம். பழுதை வேண்டியபோது வரவழைக்கவும் வேண்டியபோது போக்கவும் இயன்றாலன்றிக் காரணம் கண்டோம் என்று கூறுதல் தகாது. பின்னர் அச்சுப்பொறிக்கு வேறு முகவரி வழங்கப்பட்டது. பதிவேடு ஒன்றும் திறக்கப்பட்டது. கடிதம் கிழிக்கப்பட்டது.

அன்றிரவு பணிக்கு வந்த ஊழியரிடம், மற்றவர் தொடாத அப்பொறியை அவர் ஏன் இயக்கினார் என்று வினவினோம். "ஐயா, என்னுடைய கையெழுத்து விளங்காது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய பெயரிற் போய்விடக் கூடாதல்லவா?" என்றார்.

இத்தகையது பெரிய நாடுகளிலும் நிகழ்வதே. 2002ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தின் வலையமைப்பு விட்டு விட்டுத் தளர்ந்து, ஏறத்தாழ நான்கு நாட்கள் அங்குள்ளோர் காகிதத்தையும் பேனாவையும் கொண்டு பணியாற்ற நேர்ந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் பரீட்சித்த நிரல் பெருந்தரவை அனுப்பியமையே அதனைத் தூண்டிற்று. ஆயினும், வலையமைப்பு ஆண்டுதோறும் துண்டு துண்டாக வளர்ந்து, மேலே கூறிய அடைத்துத் திறக்கும் முறை தாங்கும் எல்லையைக் கடந்திருந்ததே அடிப்படைக் காரணமெனக் கண்டனர். அந்நிலையத்தார் தனியொருவரைப் பழித்து அமையாது, நிகழ்ந்ததைப் பிறர் அறிய வெளியிட்டு, வலையமைப்பையும் திருத்தியமைத்தனர்.

இக்கல்லூரியின் விஞ்ஞான கூடத்திலே எமக்குக் கற்பித்த ஆசான்கள், அவதானத்தை ஒரு பக்கத்திலும் அனுமானத்தை மறுபக்கத்திலும் எழுதுமாறு பணிப்பர். இரண்டையும் கலந்தெழுதிய கொப்பியைத் திருப்பித் தருவர். "அவர் இருக்கும் இரவில் பழுது வருகின்றது" என்பது அவதானம். "அவரே செய்கின்றார்" என்பது அனுமானம். முன்னையது முற்றிலும் உண்மையாக இருந்தும் பின்னையது பொய்யாயிற்று. இவ்விரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள கோட்டை ஒருவர் காவாதுவிட்டால், பழி எப்பொழுதும் வலியற்றவர் தலையிலேயே விழும். பொறிகளுக்குப் பரிந்து பேசுவோர் உளர், நிரந்தரமாகாத ஊழியர்க்கு அரியர்.

மாணவத் தம்பிகாள்! உங்களுட் சிலர் எம் தொழிலுக்கு வருவீர்கள். பலர் வைத்தியராகவும் நியாயவாதிகளாகவும் அதிபர்களாகவும் விளங்குவீர்கள். எத்தொழிலிலும் விட்டு விட்டு வரும் பழுதொன்று உங்களைத் தேடி வரும். அப்போது விரைந்து மீள இயக்காதீர்கள். முதலில் நேரத்தைக் குறியுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் அசையுங்கள். பழுதை உங்கள் கையால் வரவழைத்துக் காட்டும்வரை எவர் பெயரையும் கடிதத்தில் எழுதாதீர்கள். இந்நெறியை எமக்கு ஊட்டிய கல்லூரி அன்னை தன் விழாக் காலத்தே மேலும் பொலிந்து, மெய்யை நாடும் மைந்தரை ஆண்டுதோறும் ஈன்று நீடு வாழ்க என எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகின்றோம்.